நவம்பர் பனியில் ஒரு சத்தம்

...இல்லை, அது காதுக்கு வந்தது அல்ல, காலுக்கு வந்தது, மூடிய பெட்டிக்குள் யாரோ குத்தியதுபோல் ஒரு தொம், உடனே காலடிப் பனி ஒரு விரலளவு கீழே இறங்கியது, இறங்கியதா... திலக்சன் நின்றான். முன்னால் மரமில்லாத வடக்குச் சரிவு, அதைக் கடந்தால் கணவாய், அதற்கு அப்பால் இந்தப் பருவத்தின் முதல் பனிச்சறுக்கு. அக்கா சிவதர்சினி நன்றாகப் பின்னால் வருகிறாள், பனி சரிந்து ஒருவர் புதைந்தால் தோண்ட மற்றவர் மிஞ்சவேண்டும், அதற்குத்தான் இந்த இடைவெளி. அவளுக்குக் கேட்டிருக்காது. சொன்னால் திரும்பவேண்டும், கோடை முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருந்தவள்; சொல்லாவிட்டால் அடுத்த அடி அவனுடையது. முழங்கால் அளவுகூட இல்லாத பனி என்ன செய்துவிடும் என்றுதான் நவம்பரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அக்டோபரில் விழுந்தது வெயில் படாத பக்கத்தில் கரையாமல் கிடந்து உதிரியாகிவிட்டது, அதன்மேல் போன கிழமைக் காற்று புதுப்பனியைப் பலகைபோல் அடித்து வைத்திருக்கிறது, ஒரு மிதியில் பலகை மொத்தமும் சரியலாம். தெரியும். தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? எங்கடின் பள்ளத்தாக்குக்கு வந்த ரயிலில் அவள் சொன்னதுதான்... நீ எதையடா முடிச்சனி, சூரிச்சில படிப்பு, பேக்கரியில நைற் வேலை, எல்லாம் பாதிதானே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பொய்யும் இல்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"அக்கா, பனி கீழ இறங்கினது. சத்தம் வந்தது. நான் இதால வரேல்லை."

கேலிக்காகக் காத்திருந்தான். அவள் நின்ற இடத்திலேயே பனி தோண்டும் சவலால் வெட்டி, அடிப்பனியைக் கையுறையில் அள்ளினாள், அது பிடிபடாமல் சீனியாக ஒழுகியது. "சனியன்," என்றாள், "திரும்படா, வந்த தடத்தால போவம்." ஏன் என்று கேட்கவில்லை, அவன் எதையாவது பாதியில் விட்டுவிட்டு வந்தபோது யாரும் ஏன் என்று கேட்காதது இதுதான் முதல் தடவை. கீழே மரங்களுக்கிடையில் வெயில், பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, சப்பாத்தைக் கழற்றியதும் கால்விரல்களில் அந்தச் சுகமான குத்தல்... "கெட்டிக்காரனடா நீ," என்று அவள் பாணைப் பிய்த்துக் கொடுத்தாள், பெரிய துண்டு. நன்றாகத்தான் இருந்தது. மென்றுகொண்டே யோசித்தான், அங்கே நின்றபோது வந்தது பயமா... பயம் இல்லை, நிம்மதி, இனிப் போகத் தேவையில்லை என்ற சுத்தமான நிம்மதி. அவள் சிரித்துக்கொண்டு இன்னொரு துண்டு நீட்டினாள், வாங்கிக்கொண்டான். பனி பேசாமல் கிடந்திருந்தால், திரும்புவதற்குச் சாக்காக வேறு ஏதாவது சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமோ?