ஆக்லாந்திலிருந்து பத்தரை மணி நேரம்

நெல்சனின் பெட்டி எப்போதும் அவனுக்கு முன்னால் வந்துவிடும். ஆக்லாந்திலிருந்து மலேசியாவின் சிப்பாங் விமான நிலையத்துக்கு எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். விமானத்துக்குப் பத்தரை மணி நேரம். பெட்டியும் மற்ற பயணிகளும் அந்தக் கணக்கில்தான் இறங்கினார்கள். நெல்சனுக்கு மட்டும் வீட்டுக்கு வரும் தூரம் நீண்டுகொண்டே போனது. கிவிப் பழம் பறிக்கப் போனவன் முதல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் பிந்தி வந்தான். அடுத்த முறை ஒன்பது நாள். அதற்கடுத்து நாற்பது. நாலாம் முறை அரை வருடம். கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது தாடி மார்பைத் தொட்டது. இரண்டு வேளைச் சாப்பாடு கொடுத்தார்கள், கொஞ்சம் தூங்கினேன் என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை அங்கே இருந்ததால் திரும்பிப் போனான். போவதற்குச் சரியாகப் பத்தரை மணி நேரம்தான் ஆனது. விமான நிலையத்தில் முதல் தடவை அவன் தாய் டோரினிடம் பெட்டியை வாங்கப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். பிறகு அவளைக் கண்டால் பெட்டியை எடுத்துத் தந்துவிடுவார்கள்.

தகப்பன் பெர்னார்ட் நீலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். நுரையீரல் கெட்டு, மருத்துவர் மூன்று வருடம் என்று சொன்ன அன்று, டோரின் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு முறையும் நாலரை மடங்கு. அடுத்தது இரண்டே கால் வருடம். வந்து சேர்ந்தாலும் ஒன்பது மாதம் மிச்சம் இருக்கும். அவள் நெல்சனைக் கூப்பிட்டதும் பெர்னார்ட் போனை வாங்கினார்.

"இப்பவே ஏறிடுடா. நான் போறதுக்கு முந்தி வந்துருவ."

"அதுவரைக்கும் உங்ககிட்ட பேச முடியாதேப்பா. பிளேன்ல போனை ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க."

"பேசறதுக்கு என்னா இருக்கு? மண்ணு போட ஆள் வேணும்லா."

நெல்சன் ஏறினான். மறுநாள் டோரின் பெட்டியை வாங்கி வந்து திறந்தாள். இரண்டு டப்பா சாக்லேட். அடியில், குண்டூசிகூட எடுக்காத வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும். பெர்னார்ட் பார்த்தார். சாக்லேட்டை மட்டும் வெளியே வைக்கச் சொன்னார்.

பதினாலாம் மாதமே அவர் இறந்தார். அந்தச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டார்கள். தோள் மட்டும் கொஞ்சம் தொங்கியது. முதல் பிடி மண் மூத்த மகன் போட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். உபதேசியார் சுற்றிலும் பார்த்துவிட்டு மகன் எங்கே என்று கேட்டார்.

"வந்துக்கிட்டு இருக்கான்" என்றாள் டோரின்.

மேட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மைலோ டின்னில் போட்டு அவளிடம் கொடுத்தார்கள். மீதியைத் தள்ளிக் குழியை மூடினார்கள்.

நெல்சன் வந்து இறங்க இன்னும் பதின்மூன்று மாதம் இருக்கிறது. விமானங்கள் கூரைக்கு மேலே தாழப் பறந்து இறங்குகின்றன. டோரின் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காய்ந்தால் மண் தூளாகி விரலிடுக்கில் போய்விடும். காலையில் தேநீர் கலக்கும்போது டின்னில் ஒரு கரண்டி தண்ணீர் விடுகிறாள். முளைத்திருக்கும் புல்லைக் கிள்ளிப் போடுகிறாள்.