மாப்பிள்ளைக்குச் சீராக அட்மின்

பொன்னமராவதி, அரிமளம், கீரனூர் என்று மூன்று ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹாஜா முகைதீன், மூத்த மகள் ஷமீமாவின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை அஸ்வருக்கு மோதிரத்தோடு ஓர் உறையும் கொடுத்தார். உள்ளே மூன்று கடையின் கணக்கையும் விலையையும் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கான அட்மின் பாஸ்வேர்டு. அந்தக் காலமாக இருந்தால் கல்லாச் சாவியைக் கொடுத்திருப்பார். இப்போது கல்லா கிளவுடில் இருக்கிறது.

மாப்பிள்ளை துபாய்க்குப் போனார். சரக்கு நிலவரம் பார்க்க நேரமில்லை என்று பாஸ்வேர்டை அறை நண்பனிடம் சொன்னார். அவன் யாரிடம் சொன்னானோ, பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் வாரத்தில் எவனோ உள்ளே புகுந்து கீரனூர்க் கடையின் விலைகளை அழிக்க ஆரம்பித்தான். கம்ப்யூட்டர் வேலையைக் கவனிக்கும் இளைய மகள் பாசிலா பார்த்துவிட்டாள். பாஸ்வேர்டை மாற்றி, அழிந்ததை மீட்டாள். இன்னொரு தடவை நடந்தால் பெருநாள் வியாபாரம் போச்சு.

இனி நிரந்தர அட்மின் யாருக்கும் கிடையாது என்று அவள் சொன்னதும் ஹாஜா பதறினார். சபையில் கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வார், ஷமீமா மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது. நீயே பேசிக்கொள், நான் கடையில் இல்லை என்று சொல்லிவிடு என்று அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாசிலா அஸ்வருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரிப்பு முடியும்வரை பொறுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"குடுத்த சீரைப் புடுங்குறீங்களாக்கும்."

"ஒங்களுக்கு மட்டுமில்ல மச்சான். அத்தாவுக்கும் கெடையாது."

ஹாஜாவுக்கு இது புதுச் செய்தி. வாயைத் திறந்தவர், தான் கடையில் இல்லாதது நினைவு வந்து மூடிக்கொண்டார்.

"மாமாவுக்கே இல்லையா?" அஸ்வரின் குரல் இறங்கியது.

வேலை வந்தால் கேட்க வேண்டும், இன்னொருவர் சம்மதித்தால் ஒரு மணி நேரத்துக்குத் திறக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும் என்றாள் பாசிலா.

"அப்ப மாமா கேட்டா யாரு சம்மதிக்கிறது?"

"நீங்கதான். ஒங்க போன்ல, ஒங்க கைரேகை. ரூம்ல இருக்கவங்க வெரலு செல்லாது."

அஸ்வர் சிரித்துவிட்டார். மாமாவுக்குச் சலாம் சொல்லச் சொன்னார்.

போன் வைக்கப்பட்டதும் ஹாஜா தன் பங்குக்குப் பேரத்தைத் தொடங்கினார். அரை நாள் கேட்டார். ஒரு மணி நேரம்தான் என்றாள். கட்டுப்படியாகாது என்று எழுந்து வாசல்வரை நடந்தார். அவள் கூப்பிடவில்லை. சொந்தக் கடையை விட்டு எங்கே போவது? திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பெருநாளுக்கு நாலு நாள் முன்பு, பிள்ளைகள் துணிக்குத் தள்ளுபடி போட அவர் அட்மின் கேட்டு பட்டனை அழுத்தினார். உடனே துபாயிலிருந்து போன் வந்தது.

"எதுக்கு மாமா?"

சொன்னார்.

"ஆளுக தானா வர்ற வாரத்துல யாராச்சும் வெலையக் கொறைப்பாகளா? பெருநா கழியட்டும் மாமா. இப்ப முடியாது."

ஹாஜா போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பிள்ளை," என்றார் பாசிலாவிடம், "இது மொத்தச் சீரை விடப் பெரிய சீராவுல்ல போச்சு."