மட்டுமட்டாக ஆறரை

ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர் நவரட்ணராஜா மடிக்கணினிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்கள் முட்டி நின்று ஹோர்ன் அடிப்பது வீடு வரை கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது அவருக்கு உலகம் கேட்பதில்லை.

கதிரைக்குப் பின்னால் நின்ற மகள் சாருஜா திரையை வாசித்தாள். 'என் மகள் தவறுதலாகப் பெற்றுவிட்ட 6.5 புள்ளியைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். எமது குடும்பத்துக்குத் தகுந்த புள்ளியுடன் மீண்டும் வருவோம். அதுவரை இடத்தை வைத்திருக்கவும்.'

இடம், இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிப்பதற்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் ஆறரை, நான்கு பகுதிகளில் எதிலும் ஆறுக்குக் குறையக் கூடாது. பெறுபேற்றை இன்று மாலைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதுவோ காலையில்தான் வந்திருந்தது: கேட்டல் ஆறரை, வாசிப்பு ஏழு, எழுத்து ஆறு, பேச்சு ஆறரை. மொத்தம் ஆறரை. சாருஜா துள்ளினாள். அப்பா, அகில இலங்கையில் எத்தனையாவது என்று கேட்டார்.

விண்ணப்பம் அவருடைய மின்னஞ்சலில் இருந்தது. கடவுச்சொல் அவருடைய தலைக்குள் இருந்தது.

"அப்பா, அவை கேட்டதே ஆறரைதான்."

"கேக்கிறது அவங்கடை பெருந்தன்மை. மட்டுமட்டாக் குடுக்கிறது எங்கடை மானக்கேடு. தியாகராஜாவின்ரை பெடியன் எட்டு. கட்டுக்கலைக் கோயிலிலை ஐயருக்கும் சொல்லிப்போட்டான் மனுசன்."

"பின்னேரத்தோடை முடியுது அப்பா. இந்தக் கடிதம் போனா இடம் போயிடும்."

"என்ரை கடிதத்தை வாசிச்சா வைச்சிருப்பாங்கள்."

குசினி வாசலில் நின்ற அம்மா றஞ்சனா கையைச் சேலையில் துடைத்தாள். "இஞ்சருங்கோ, அறுபது வயசிலை பென்சன் எண்டாங்கள். குடும்ப மானத்துக்கு எழுபது வரைக்கும் வேலையிலை இருந்து காட்டினனீங்களே?"

அவர் திரும்பவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் 'பணிவுடன்' என்று போடுவதா விடுவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் பழக்கப்படாத சொல். சாருஜாவுக்கு இருந்த அவகாசம் அந்தத் தடுமாற்றம்தான். அவர் அந்தச் சொல்லை அழித்தார். விரல் அனுப்பும் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

அழைப்பு மணி அடித்தது.

"நவரட்ணராஜா நிக்கிறாரோ?" தியாகராஜாவின் குரல். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கையில் கேக் பெட்டி, முகத்தில் மகனின் எட்டு.

நவரட்ணராஜா கணினியைப் பாதி மூடினார். "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. ரிசல்ட் வரேல்லை," என்று பல்லுக்குள் சொல்லிவிட்டுச் சிரித்தார். "வாரும் தியாகர், இரும்!"

தியாகராஜா சாய்ந்து உட்கார்ந்தார். "கௌசிகனுக்கு எட்டு வந்ததுக்கு ஒரு சின்னக் கேக். பிள்ளைக்கு இன்னும் வரேல்லையோ?"

"அது சுணங்கும்," என்றார் நவரட்ணராஜா. "நல்ல விடைத்தாள்களை ஆறுதலாத்தானே திருத்துவாங்கள்."

சாருஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தியாகராஜா எட்டை விரித்துச் சொல்லி முடிக்கவே பொழுது பட்டுவிடும். சொன்னால் அப்பா எழும்பிக் கத்தலாம். படிப்பே வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் அந்தக் கடிதம் போகும்.

"வந்திட்டுது மாமா," என்றாள். "ஆறரை."

தியாகராஜாவுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்துவிட்டு அடுத்ததை வெட்டிய அம்மாவின் கத்தி நின்றது. அப்பாவின் காது சிவந்தது.

"ஆறரையோ?" தியாகராஜா குரலில் அனுதாபம் தேன்போல் வழிந்தது. "பரவாயில்லை பிள்ளை, திரும்ப எடுக்கலாம்தானே. மட்டுமட்டா எடுத்தா ஆரும்..."

அந்த அனுதாபத்தை நவரட்ணராஜாவால் தாங்க முடியவில்லை. மறைக்க இனி ஒன்றுமில்லை. காக்க மானம் மட்டுமே இருந்தது.

"என்ன திரும்ப எடுக்கிறது?" என்றார். "யூனிவசிற்றி கேட்டது எத்தினை? ஆறரை. குடுத்தது எத்தினை? ஆறரை. இதுக்குப் பேர் துல்லியம், தியாகர். உம்மடை பெடியனிட்டை எத்தினை கேட்டவை?"

"ஆறரைதான்..."

"பின்னை ஒண்டரையை என்ன செய்யப்போறார்? திருப்பித் தருவினமோ?"

தியாகராஜா கேக்கை விழுங்க முடியாமல் முழித்தார். நவரட்ணராஜா கணினியை விரித்தார். கடிதத்தை ஒரு தட்டில் அழித்தார், பெறுபேற்றை ஏற்றினார். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. சாருஜா கதிரையின் முதுகை நகம் பதியப் பிடித்திருந்தாள். 'கிடைத்தது. நிபந்தனை பூர்த்தியாகியது' என்ற வரி வந்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

தியாகராஜா போனபின் நவரட்ணராஜா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பெறுபேற்றை இன்னொரு தடவை வாசித்தார். நெற்றி சுருங்கியது.

"பிள்ளை, வாசிப்புக்கு ஆறுதானே கேட்டவங்கள்? ஏன் ஏழு எடுத்தனீ?"