கடலில் ஆள் நிற்கும்போது மூடலாம்

1.

இது ஓர் அறிவித்தலாகப் பிறந்திருக்கவேண்டிய கதை. மூன்றே வரி. என் தம்பி றெக்ஷனின் மனைவி ஜெனீற்றா காலைத் தேநீரோடு வந்து கேட்டாள்.

"மச்சாள், உங்களுக்குத்தானே எழுத வரும். கடலிலை ஆள் நிக்கேக்கை எங்கடை இணையப் பக்கத்தை மூடலாம், மூடினால் ஒண்டும் நடவாது எண்டு சனத்துக்கு விளங்கிறமாதிரி எழுதித் தாங்கோ. கெதியாய் வேணும்."

தேநீர் ஆறி ஏடு படிந்துவிட்டது. அறிவித்தல் வரவில்லை. பதிலுக்கு உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அவசர வேலையை எழுதுகிறவர்களிடம் கொடுக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2.

தொடக்கத்துக்கு எடுத்த முயற்சிகளை மறைக்காமல் வைக்கிறேன்.

"கடல் அன்று" என்று ஒன்று. அதற்குமேல் போகவில்லை. அல்லைப்பிட்டியில் இருந்து எழுதுகிறவர் எல்லோரும் கடலில்தான் தொடங்குகிறோம். எனக்கே அலுத்துவிட்டது. அதோடு இன்று அதன் பக்கம் திரும்பவும் மனமில்லை. சோளகக் காற்று விடியலில் இருந்து சுழற்றி அடிக்கிறது.

"பச்சை நிறத்தில் பதினான்கு வீதம் என்று திரை காட்டியது." இது பரவாயில்லை. ஆனால் எதன் பதினான்கு என்று நீங்கள் கேட்பீர்கள்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது. அதை நடத்துவது ஜெனீற்றா. அதில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் சனம் பார்க்கும். வள்ளத்தோடு போனவர்களின் பெயர் வரிசையாக இருக்கும். பெயருக்கு நேரே சிவப்பில் "கடலில்" என்றோ, பச்சையில் "கரையில்" என்றோ இருக்கும். கரைக்கு வந்தவன் சங்கத்தின் இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் சிவப்பு பச்சையாகும்.*

* வீட்டுக்கு நேரே போன் எடுக்கலாமே என்பீர்கள். காற்று ஒதுக்கும் இடத்தில்தான் வள்ளம் கரை பிடிக்கும், மண்டைதீவோ புங்குடுதீவோ. அவரவர் போன் நனைந்து செத்திருக்கும். யாரிடமாவது ஒன்றைக் கேட்டு வாங்கினாலும் மனைவியின் இலக்கம் ஒருவனுக்கும் நினைவு வராது. சங்கத்தின் இலக்கம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்தப் பக்கம் அமைதியான நாட்களில் ஒழுங்காக வேலை செய்யும். காற்று எழும்பும் நாளில் விழுந்துவிடும். தேவைப்படும் நாளில் மட்டும் பார்த்து விழுகிற பக்கத்தை என்னவென்று சொல்வது? போன் கோபுரத்தைத் திட்டினோம், கரண்டைத் திட்டினோம். பக்கத்தைத் தாங்கி நிற்கும் சேர்வரை மட்டும் சந்தேகிக்கவில்லை. சேர்வரின் உடம்பைக் கவனிக்க ஜெனீற்றா ஒரு பிளகின் போட்டிருந்தாள். நினைவகத்தில் பதினான்கு வீதம்தான் பாவனையில் இருக்கிறது என்று அது எப்போதும் பச்சையாகவே சொல்லியது. காய்ச்சல்காரனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் வெப்பமானியை நம்பியிருந்தோம்.

3.

(கஜரூபன் என்ற பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. புங்குடுதீவுக் குடும்பம், மொன்றியலில் வேலை, கேட்டவுடன் போனில் வருகிறான். கதைக்கு வசதியாக வந்துசேரும் ஆட்களை நான் வெட்டிவிடுவது வழக்கம். ஆனால் இவன் உண்மையாகவே வந்தான், கொட்டாவி விட்டபடி. அதனால் இருக்கட்டும்.)

இன்று காலை சேர்வரைத் துருவிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"அக்கா, பிளகின் பொய் சொல்லேல்லை. அது முழு மெசினையும் பாக்குது. நீங்கள் அதுக்குள்ளை சின்னப் பங்குதானே வாடகைக்கு எடுத்திருக்கிறியள்? பெரிய வீட்டிலை ஒரு அறையிலை இருக்கிறியள், அது வீட்டுத் தாங்கியிலை எவ்வளவு தண்ணி எண்டு சொல்லுது. உங்கடை வாளி நிரம்பினது அதுக்குத் தெரியாது."

"அப்ப எங்கடை பங்கைப் பாக்கிறமாதிரி மாத்தேலாதோ, தம்பி?" ஜெனீற்றா கேட்டாள்.

"ஏலும். ஒரு வரி மாத்தினால் சரி."

ஜெனீற்றா மாற்றினாள். பதினான்கு போய் தொண்ணூற்றேழு வந்தது. சிவப்பு. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். உண்மையைக் கேட்டு வாங்கிவிட்டு, பழைய பொய்யே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் நினைத்தேன்.

(இங்கே "ஜெனீற்றா விம்மினாள்" என்று எழுதி வெட்டினேன். அவள் அழவில்லை. சேலைத்தலைப்பால் திரையைத் துடைத்தாள். பிறகு அதையும் வெட்ட நினைத்தேன், அவள் வீட்டில் சேலை கட்டுவதில்லை. துடைத்தது உண்மை. கையால்.)

4.

வாளியை நிரப்பியது யார் என்று தேடினோம். எங்கள் பக்கத்தை ஊரில் உள்ள சனத்தைவிடப் பல மடங்கு ஆட்கள் திறந்துவைத்திருந்தார்கள். திறந்தவர்கள் மூடவில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கமும் சேர்வரிடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது: வந்தாச்சோ, வந்தாச்சோ.

பக்கத்து வீட்டு மாக்கிறேற் அக்கா இரண்டு போனில் திறந்துவைத்திருந்தார். ஜெனீற்றா வேலிக்கு மேலாகக் கேட்டாள்.

"ஏன் அக்கா, பாத்திட்டு மூடலாம்தானே?"

"ஆள் வரமுதல் ஆர், பிள்ளை, கதவைச் சாத்துவினம்?"

அவ்வளவுதான் விசயம். எங்கள் வீடுகளில் கடலுக்குப் போனவன் திரும்பும்வரை முன்கதவைச் சாத்துவதில்லை. யாரும் சொல்லித்தந்த பழக்கமில்லை, கை தானாக விலகும். கதவில் இருந்தது இப்போது போனுக்கும் போய்விட்டது. இங்கே மனைவிமார், பாரிசில் தமையன்மார், ரொறன்ரோவில் மச்சான்மார். காற்று எழும்பியதும் எல்லோரும் திறக்கிறார்கள், ஒருவரும் மூடுவதில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து காத்திருந்தே அந்தப் பக்கத்தை விழுத்தியிருக்கிறோம்.

கஜரூபன் மிச்சத்தையும் சொன்னான். "இப்ப விழப்போகுது. தானாய் விழுந்தால் அந்த நேரம் வாற மெசேச் எல்லாம் போயிடும், திருப்பி எடுக்கேலாது. நீங்களாய் நிப்பாட்டி, பங்கைக் கூட்டி, திருப்பித் தொடக்கினால் மெசேச் வெளியிலை காத்துநிண்டு பிறகு உள்ளை வரும். ஆனால் நிப்பாட்டேக்கை எல்லாற்றை பக்கமும் மூடுப்படும். முதலே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ."

அதற்குத்தான் அந்த அறிவித்தல்.

5.

இன்னும் ஒன்றை நான் சொல்லவில்லை. நீங்கள் பிடித்திருப்பீர்கள். அந்த வரிசையில் எல்லோரும் பச்சையாகிவரும் நேரத்தில் இன்னும் சிவப்பாக நிற்கும் பெயர்களில் ஒன்று றெக்ஷன்.

என் போனும் திறந்துதான் கிடக்கிறது.

6.

முடிவுகள்:

அ. றெக்ஷன் வந்துவிட்டான். நனைந்த சாரம் காலில் ஒட்ட, வேலிப் படலையில் நின்று "என்ன, ரெண்டு பேரும் செத்தவீடு மாதிரி இருக்கிறியள்" என்றான்.

இது எனக்குப் பிடித்த முடிவு. அவன் அப்படித்தான் சொல்லுவான். ஆனால் எங்கள் பங்கைப் பார்க்காமல் பச்சை காட்டுகிற வேலையைத்தான் பிளகினும் செய்தது. பார்க்காமல் எழுதமாட்டேன்.

ஆ. றெக்ஷன்

இதை முடிக்கமாட்டேன்.

இ. அறிவித்தல் எழுதப்படுகிறது. இதைமட்டும் என்னால் செய்யலாம். செய்தேன்:

"கடலில் ஆள் நிற்கும்போது இந்தப் பக்கத்தை மூடலாம். மூடினால் ஒன்றும் நடக்காது. சற்று நேரத்தில் நாங்களே மூடித் திறப்போம், பயப்படவேண்டாம்."

ஜெனீற்றா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"நல்லாயிருக்கு. நீங்கள் மூடிட்டியளோ, மச்சாள்?"

நான் என் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"நானும் இல்லை" என்றாள்.

7.

அறிவித்தல் போய்ச் சேர்ந்தது. மூடுகிறவர்கள் மூடுகிறார்கள் போல, தொண்ணூற்றேழு ஒன்று குறைந்து மறுபடி ஏறியது. இனிப் பொறுக்கமுடியாது. நான் என் போனை மேசையில் வைத்தேன், அவள் தன்னுடையதை அருகில் வைத்தாள். ஒன்றாகவே மூடினோம். இனி சேர்வரை நிறுத்தும் பொத்தான்தான் மிச்சம்.

"எனக்குக் கை வருதில்லை. நீங்கள் அமத்துங்கோ."

"நீர்தானே நடத்திறனீர்."

"அவர் உங்களுக்குத் தம்பி."

"உமக்கு மனுசன்."

அவள் ஒரு கணம் முன்கதவைப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது, காற்றில் ஆடாதபடி கல் முட்டுக்கொடுத்திருந்தது. பிறகு அமத்தினாள்.

திரை வெறும் வெள்ளை. வேலிக்கு அப்பால் மாக்கிறேற் அக்கா "மாதாவே" என்றது கேட்டது.

எழுத நினைத்த வரி: அந்த வெள்ளை எவ்வளவு நேரம்

இல்லை. அது அளக்கக்கூடியதல்ல.

8.

ஜெனீற்றா பங்கைக் கூட்டித் தொடக்கியதும் பக்கம் திரும்ப வருகிறது. தலைப்பு வந்துவிட்டது. வெளியில் காத்துநின்ற செய்திகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருக்கும். இனிப் பெயர்கள் வரும், நிறம் வரும். இங்கே நான் நிறுத்துகிறேன். நாங்கள் இருவரும் கதிரைகளைத் திருப்பிப்போட்டு, திரைக்கு முதுகு காட்டி, கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

உங்களுக்குக் கடலில் ஆளில்லை என்று நினைக்கிறேன். உங்களால் பார்க்க ஏலும். வரிசையில் கடைசிக்கு முந்தின பெயர், றெக்ஷன். அதற்கு நேரே என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

என்னிடம் வேண்டாம். முதலில் ஜெனீற்றாவிடம்.