கோணேரிக்குப் போட்ட வேலி

பங்குனி மாதத்துப் பத்து மணி வெயிலுக்குச் சேந்தமங்கலம் பக்கம் யாரும் வசந்தம் என்று பேர் வைக்கமாட்டார்கள். சேலத்துக்காரர்கள் வைத்திருந்தார்கள். ஏரிக்கரை நெடுக 'கோணேரி வசந்தப் பறவைத் திருவிழா' என்று பிளெக்ஸ் கட்டியிருந்தது. பிளெக்சில் சிவப்பும் நீலமுமாய்ப் பெரிய வால் வைத்த ஒரு கிளி. கோணேரியை விடுங்கள், இந்தத் தேசத்துக் காடு எதிலும் அந்தக் கிளி கிடையாது. கலைமணிக்குப் பார்த்ததும் சுர்ரென்று ஏறியது. அச்சடித்தவன் இணையத்தில் கிடைத்ததைப் போட்டிருப்பான், போகட்டும் என்று விட்டுவிட்டாள். இன்றைக்கு அவள் சண்டை போட வரவில்லை. அவள் எழுதிய அறிக்கை இன்றைக்குப் புத்தகமாக வெளிவருகிறது.

கலைமணிக்கு இருபத்து நாலு வயது. ஏரிக்கரைத் தெருவில் முதல் பட்டதாரி, விலங்கியலில் எம்.எஸ்சி. அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடச் சத்தீஸ்கர் பக்கம் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார். வீட்டை ஓட்டியது அம்மா ராமாயியின் பதினாலு ஆடுகள். ஒரு செமஸ்டருக்கு இரண்டு கிடா என்று விற்றுப் படித்த படிப்பு அது. அந்த ஆடுகள் மேய்ந்ததெல்லாம் ஏரியின் காய்ந்த பாதியில்தான். தெருவில் எல்லாருடைய ஆடுகளும் அங்கேதான் மேய்ந்தன. வேறு இடமும் கிடையாது. சுற்றிலும் பட்டா நிலம். ஒரு ஆடு வாய் வைத்தால் நாலு பேர் தடியோடு வருவார்கள்.

ஆடு ஓட்டிப்போன சிறுமிக்கு எந்தப் பறவை எங்கே முட்டையிடும் என்று தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் அதற்கெல்லாம் லத்தீனில் பேர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் கரையில் நின்று எண்ணி எழுதினாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் சிவபிரகாஷ் அவளைப் பிடித்துக்கொண்டார். அவர் சேலத்தில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையானால் பீரங்கி மாதிரி ஒரு லென்சைத் தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாகப் போவார். திருவிழா நடத்தும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். "உங்க கணக்கு தங்கம், கலை. ஒரு ரிப்போர்ட்டா எழுதிக் குடுங்க. கலெக்டர் வரைக்கும் கொண்டுபோறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தாள், எட்டுப் பக்கம். ஏழரைப் பக்கம் கோழிப்பண்ணையைப் பற்றி. ஏரிக்கு மேல்புறத்தில் மூன்று லட்சம் கோழி வைத்திருக்கிறார் பெரியசாமி. செத்த கோழிகளை மூட்டை கட்டி ஏரிக்கு வரும் வாய்க்காலில் போட்டுவிடுகிறார்கள், எருவைக் கழுவிவிட்ட தண்ணீரும் அதில்தான் இறங்குகிறது, போன கார்த்திகையில் நாமக்கோழி என்கிற நீர்ப்பறவை நாற்பத்து மூன்று செத்து மிதந்தன. தேதி போட்டு, போட்டோ வைத்து, ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: மாசி மாதம் ஏரியின் காய்ந்த பகுதியில் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவையின் இரண்டு கூடுகளை ஆடுகள் மிதித்துவிட்டன. கண்டதை மறைக்காமல் எழுதுவதுதான் ஆய்வு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மிதித்தவை அவள் வீட்டு ஆடுகள்தான். அதனாலேயே விடக்கூடாது என்று எழுதினாள்.

இப்போது ஷாமியானாவில் மேசை மேல் புத்தகம் அடுக்கியிருந்தது. பக்கத்து மேசையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பறவைத் திருவிழாவுக்குப் பெரியசாமியின் அன்பளிப்பு. சேலத்திலிருந்து மூன்று பஸ்ஸில் வந்தவர்கள் தொப்பியும் பைனாகுலருமாய் நின்று முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். விழாவுக்குப் பெரியசாமியும் பணம் கொடுத்திருக்கிறார் என்பதே அப்போதுதான் கலைமணிக்குத் தெரிந்தது. ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

முதல் பக்கத்தில் அவள் போட்டோ. வழவழ தாளில் பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு பறவை, எல்லாம் சிவபிரகாஷ் எடுத்த படம். வாய்க்கால் இல்லை. மூட்டை இல்லை. நாற்பத்து மூன்று நாமக்கோழி இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் தடித்த எழுத்தில் இருந்தது: 'கோணேரிப் பறவைகளுக்கு முதல் ஆபத்து ஆடு மேய்ச்சலே — ஆய்வாளர் செல்வி கலைமணி.' அதற்குக் கீழே, திரு. பெரியசாமி அவர்களின் உதவியுடன் ஏரியைச் சுற்றி விரைவில் கம்பி வேலி.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு பந்தலுக்குப் பின்னால் போனாள். அங்கே அவள் அம்மாவும் தெருப் பெண்களும் விழாவுக்குப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். நாள்கூலிக்கு வந்தவர்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பாப்பாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, ஆறு ஆடு வைத்திருப்பவள், நாக்கில் எப்போதும் கொஞ்சம் காரம் தடவியிருக்கும்.

"வா சாமி. போட்டோ நல்லா உழுந்திருக்குது. கடைசித் தாள்ல என்னமோ எழுதியிருக்குதாமா. நாங்க படிக்காத சனம். கொஞ்சம் படிச்சுக் காட்டு, கேக்கறோம்."

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் மற்றவர்கள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். கலைமணி படித்துக் காட்டினாள். தன் பேர் வரும் இடத்தை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. வேலிக்கம்பமெல்லாம் நேற்றே லாரியில் வந்து மதகுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். குழி தோண்டுகிற கூலி நமக்குத்தான் கிடைக்கும், சந்தோசப்பட்டுக்குவோம் என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

ராமாயி அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். தன்னை விட ஒரு சாண் உயரமான மகளை அண்ணாந்து பார்த்தாள்.

"மிதிச்சது நம்ம ஆடுதானா?"

"ஆமாம்மா."

"எப்பக் கண்ட?"

"மாசியில. அன்னைக்கே கண்டேன்."

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா அந்தப் பக்கம் ஓட்டாம இருந்திருப்பனே, கண்ணு. பெத்தவளுங்கறத உட்டுத் தள்ளு, ஆட்டுக்காரின்னாச்சும் சொல்லியிருக்கலாமல்ல. எங்கிட்டச் சொல்லாம ஊருக்கு எழுதிக் குடுத்திருக்கற."

எம்.எஸ்சி. படித்த இரண்டு வருஷத்தில் கலைமணியை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் நிஜம். கண்டதை நோட்டில் எழுதியதோடு கடமை முடிந்தது என்று நினைத்தாள். அந்த நினைப்பை நினைக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

சிவபிரகாஷ் மேடைக்குப் பக்கத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைமணி புத்தகத்தை விரித்து அவர் முன்னால் நீட்டினாள். என் ஏழரைப் பக்கம் எங்கே என்று கேட்டாள். அவர் முகம் மாறவில்லை. பல் பிடுங்குமுன் நோயாளியிடம் பேசுகிற குரல் அவருக்கு எப்போதும் தயாராக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சாதிக்க முடியாது என்றார். பண்ணை பெரிய விஷயம், அடுத்த வருஷம் பார்க்கலாம், இப்போது கையில் இருக்கிறதைச் செய்வோம் என்றார்.

"கூட்டைச் சுத்தி நாலு முள்ளு வெட்டிப் போட்டாப் போதும் சார். ஆடு கிட்டயே வராது. அதுக்கு எதுக்குங்க வேலி?"

"ஆடு மிதிச்சுதுன்னு எழுதுனது நானா, நீங்களா?"

அவர் அவள் தோளைத் தொடப்போனவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். வேலி முடிந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஒருங்கிணைப்பாளர் வேலை இருக்கிறது, அவள் பேரைத்தான் எழுதி வைத்திருக்கிறார், முதல் பட்டதாரிக்கு இது நல்ல தொடக்கம் என்றார். பதினோரு மணிக்கு உறுதிமொழி வாசிக்க வேண்டும், நேரமாகிறது என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு அவள் மேடை ஏறினாள். கீழே பறவை முகமூடி போட்ட பள்ளிப் பிள்ளைகள், தொப்பிக்காரர்கள், முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் பெரியசாமி. பின்னால் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பொங்கல் வைத்த பெண்கள். அம்மாவும் நின்றாள். கலைமணி உறுதிமொழித் தாளை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, அச்சில் வராத ஏழரைப் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னாள். எந்தத் தேதியில் எத்தனை மூட்டை, எந்த இடத்தில் தண்ணீர் பச்சையானது, எத்தனை பறவை செத்தது, எல்லாம். கூடுகளை மிதித்தது தன் அம்மாவின் ஆடுகள்தான் என்றும் சொன்னாள். "வேலி போடறதுன்னா பண்ணையைச் சுத்திப் போடுங்க" என்று முடித்தாள்.

மைக்கை யாராவது பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் பிடுங்கவில்லை. சிவபிரகாஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் கைதட்டச் சொல்லிக் கூட்டி வந்திருந்ததால் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியசாமி எழுந்து, நிதானமாக மேடை ஏறி, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மைக்கை வாங்கினார்.

"அம்மிணி சொன்னது நூத்துக்கு நூறு நெசமுங்க. தப்புன்னா தப்புத்தான். நம்ம ஆளுங்க யாராச்சும் அப்பிடிப் போட்டிருந்தா நான் கேக்கறேன். அதுக்குத்தானுங்க வேலியே போடறோம். மூட்டையும் வராது, ஆடும் வராது. வேலிக் கதவுச் சாவிய வேற யாருகிட்டயும் குடுக்க வேண்டாம், இந்த அம்மிணிகிட்டயே இருக்கட்டும். நம்மூருப் பொண்ணு ஏரியக் காவல் காக்குதுன்னா நமக்கெல்லாம் பெருமைதானுங்களே."

இப்போது தொப்பிக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு சால்வை வந்து அவள் தோளில் விழுந்தது. அவள் அதை இழுத்துக் கீழே போட இரண்டு கையையும் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் கலைமணி சால்வையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

பந்தல் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தபோது பெண்கள் பாத்திரம் கழுவப் போயிருந்தார்கள்.

சித்திரை முடிவதற்குள் வேலி எழும்பிவிட்டது. ஆளுயரத்துக்கு மேலே முள்கம்பி மூன்று சுற்று. ஏரி முழுக்க வளைத்தவர்கள் வாய்க்கால் வந்து சேருகிற இடத்தில் மட்டும் பத்தடி விட்டிருந்தார்கள். தண்ணீர் வரவேண்டுமே என்றார்கள். இரண்டு பக்கமும் பெரியசாமியின் நிலம், ஆடு அந்த வழியாக வர முடியாது. மூட்டைகள் முன்போலவே வந்தன. கலைமணி வேலிக்கு வெளியே நின்று எண்ணினாள், போட்டோ எடுத்தாள், சிவபிரகாஷுக்கு அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழும். பதில் வராது.

ராமாயி ஆடுகளை வேம்பில் கட்டிப்போட்டு, எங்கெங்கோ போய்த் தழை ஒடித்து வந்தாள். பதினாலு பன்னிரண்டானது, பிறகு எட்டானது. தெருவில் மற்றவர்களும் விற்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் கலைமணி குடத்தை வைத்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. வீட்டிலும் அம்மா வேண்டியதை மட்டும் பேசினாள்.

ஒரு நாள் பண்ணை சூப்பர்வைசர் வண்டியில் வந்து சாவியையும் ஒரு அடையாள அட்டையையும் கொடுத்தார். கலைமணி கையை நீட்டவில்லை. ராமாயி ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"வாங்கிக்க. நீ வாங்கலீன்னா வேற எவனாச்சும் வாங்குவான். வேலி என்ன பிரிஞ்சா போயிரும்?"

வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு வேலிக் கதவுக்குப் போனபோது அங்கே பாப்பாயி தன்னுடைய நாலு ஆட்டோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ராமாயி, எட்டு ஆட்டோடு. திற என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கம்பத்து உச்சியில் கேமரா ஒன்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் தெரிவது பெரியசாமியின் போனுக்கும் சிவபிரகாஷின் போனுக்கும் போகும்.

"பூட்டு நல்ல பூட்டா இருக்குது. சும்மா பாக்கலாம்னுதான் வந்தோம்" என்றாள் பாப்பாயி. வழக்கமான கேலி அதில் இல்லை.

கலைமணி பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. கடைசி ஆடு நுழைவதற்குள் போன் அடித்தது. சிவபிரகாஷ். இந்தத் தடவை குரலில் தேன் இல்லை. அவள் கேட்டுக்கொண்டாள். "ஆமாங்க சார், நான்தான் தொறந்தேன்" என்றாள். மறுபடி கேட்டுக்கொண்டாள். போனை வைத்தாள்.

"மத்தியானம் வாச்மேன் வந்து சாவிய வாங்கிக்குவானாம்மா. வேலையும் இல்லீன்னுட்டாங்க. அதுவரைக்கும் மேயட்டும்."

ராமாயி அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு, மகள் பக்கம் திரும்பாமல், ஆடுகளுக்குப் பின்னால் உள்ளே போனாள்.