எடை தீர்ந்த அகனேசி

அகனேசிக்கு ஒன்பது வயது நடந்தபோது அவள் உடம்பில் எடை என்பதே தீர்ந்துபோனது. வனிலாவுக்கு என்றுமில்லாத விலை கிடைத்த ஆண்டு அது; அதனால்தான் எங்கள் ஊர் நேயாஃபுவில் பலருக்கும் வருடம் சரியாக நினைவிருக்கிறது. ஒரே நாளில் தீரவில்லை. முதலில் ஈரமணலில் அவள் காலடி பதியாமல் போனது. பிறகு அவள் ஏறி உட்கார்ந்தாலும் தோணி துளிகூட அமிழவில்லை. காற்றடிக்கும் நாட்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெரியவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் டோங்காத் தீவுகளில் உடம்பு கனமாக இருப்பதுதான் மரியாதை. ஒல்லியானவர்களைக் கண்டால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதை நாங்கள் நாகரிகம் என்று வைத்திருந்தோம்.

அவளுடைய அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். அப்பா ஆப்பிள் பறிக்கும் வேலைக்கு நியூசிலாந்து போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு தங்கிவிட்டான். பிள்ளை அப்பாவின் அக்கா லவினியாவிடம் வந்து சேர்ந்தது. அத்தை சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லும் முறை எங்களிடம் கிடையாது; தம்பி வீட்டுப் பிள்ளைகளை அவள் என்ன செய்தாலும் அது அவளுடைய உரிமை. லவினியா ஆகிருதியான பெண்மணி. கோயில் மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பக்கத்துத் தீவுகளிலிருந்துகூடப் படகு கட்டிக்கொண்டு வந்தார்கள். குழியில் சுட்ட கல் அடுக்கி மூடிய உமு அடுப்பிலிருந்து பன்றியும் வள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலையும் வந்துகொண்டே இருக்கும். முதல் பந்தியில் போதகரும் பட்டம் உள்ள பெரிய மனிதர்களும். அடுத்தது விருந்தாளிகள். அடுத்தது லவினியாவின் மகன்கள். அப்புறம் சமைத்த பெண்கள். அடுப்புக்கு விறகு சுமந்து, தேங்காய் துருவி, எல்லாப் பந்திக்கும் பக்கத்தில் நின்று விசிறியால் ஈ ஓட்டிய அகனேசி கடைசிப் பந்தி. அவள் முறை வரும்போது கறியைச் சுற்றி வேகவைத்த வாழையிலைதான் மிஞ்சியிருக்கும். அதை விரித்து நக்குவாள்.

மே மாதத்து முதல் ஞாயிறு பிள்ளைகளின் ஞாயிறு. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்திக் கோயிலில் ஆளுக்கொரு வசனம் ஒப்பிக்க வேண்டும். அகனேசியின் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் வந்து நின்று, குரல் எடுப்பதற்காக மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். அப்படியே மேலே போய்விட்டாள். தலை கூரை உத்தரத்தில் இடித்தது. நடுவில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்ததால், உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு வசனத்தைக் கடைசிவரை பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். சபையில் விசிறிகள் நின்றுபோயின. பாடகர் குழுவில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். ஜன்னல் திறக்கும் கொக்கிக் கம்பால் பிள்ளையை இறக்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வரிசையிலிருந்து எழுந்து வந்து, அவளை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

“இந்தப் புள்ள வயித்துல ஒண்ணுமே இல்ல,” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கோயிலில் அப்போது வேறு சத்தமே இல்லை. பிள்ளை பறந்தபோது வராத அதிர்ச்சி அப்போதுதான் வந்தது. எல்லாத் தலைகளும் லவினியா பக்கம் திரும்பின. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தலைகளும் அவற்றில் இருந்தன. பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றுபோலக் குனிந்துகொண்டன. போதகர் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

அதன்பின் சில வாரம் அகனேசிக்குத் தட்டில் சாப்பாடு விழுந்தது. எடை திரும்பவில்லை, தீர்ந்தது தீர்ந்ததுதான். லவினியா அவள் பாவாடை விளிம்பில் பவளக்கற்களை வைத்துத் தைத்துவிட்டாள். வீட்டில் மறுபடி பழைய வரிசையே நடந்தது. ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பதினைந்து வயதில் அகனேசி அந்த வீட்டை விட்டுத் துறைமுகத்துக்கு நடந்துபோனாள். மே தொடங்கினால் எங்கள் துறைமுகத்தில் உலகத்துப் பாய்மரப் படகெல்லாம் வந்து நிற்கும். ஒரு தள்ளுவண்டியில் எண்ணெய்ச் சட்டியை வைத்து, மாவு உருண்டை பொரித்து விற்றாள். வண்டியோடு தன்னை இடுப்பில் கட்டிக்கொண்டாள். வெளிநாட்டுக்காரர்களைக் கரைக்கு ஏற்றிவரும் படகோட்டி செமிசிதான், அந்தக் கட்டுக் கயிறு போதாது என்று நங்கூரக் கயிறு ஒன்றைக் கொடுத்தவன். நீளமான கயிறு. ஒருநாள் விளையாட்டாக அதைத் தளர்த்திவிட்டுப் பார்த்தபோது அகனேசி மாமரத்துக்கு மேலே போய்விட்டாள். அங்கிருந்து தீவுகளுக்கு அப்பால் வரும் பாய்கள் எல்லாம் தெரிந்தன.

“மூணு படகு வருது,” என்று மேலிருந்து கத்தினாள். “ஒண்ணுல சின்னப் புள்ளைங்க. இன்னொண்ணுல ஒரு ஆளு வாந்தி எடுத்துக்கிட்டே வர்றான்.”

“அவனுக்கு என்ன போடுவ?” என்று செமிசி கீழிருந்து கேட்டான்.

“சேப்பங்கிழங்கு. வேறென்ன, உன் தலையையா?”

அவள் தொழில் அன்றுதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். படகுகள் நங்கூரம் போடுவதற்குள், அதில் வந்தவர்களுக்கு என்ன தேவையோ அது சூடாகத் தயாராக இருந்தது. வாந்தி எடுத்தவனுக்கு உப்புப் போட்ட கிழங்கு. பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பாகில் ஊறிய மாவுருண்டை. மற்றவர்களுக்கு எலுமிச்சையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பச்சைமீன். மாதக்கணக்கில் கடலில் ஆடியவர்கள், அவள் கையால் சாப்பிட்ட பிறகுதான் காலுக்குக் கீழே தரை ஆடுவது நின்றது என்றார்கள். இதைக் கேட்டுக் கேட்டே பசிபிக்கின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தள்ளுவண்டி கொட்டகையானது. கொட்டகை, துறைமுகத்துக்கு மேலே மேட்டில், கான்கிரீட் தூணும் தாழ்ந்த கூரையும் கொண்ட உணவகமானது. அடுப்படியில் தரையோரமாக ஒரு இரும்புக் கம்பி பதித்து, அதில் பாதத்தை மாட்டிக்கொண்டு சமைத்தாள். அங்கேயே செமிசிக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. “பொண்டாட்டிய எங்க கட்டி வெச்சிருக்க?” என்று கேட்காத ஆள் துறைமுகத்தில் இல்லை. “கயிறு அவ கையில, கட்டியிருக்கிறது என்னை,” என்பான் செமிசி.

அவள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. முதல் பந்தி பிள்ளைகளுக்கு. பணம் கொடுத்த பிள்ளை, கொடுக்காத பிள்ளை, படகுத்துறையில் சும்மா திரிகிற பிள்ளை, எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்த பிறகுதான் பெரியவர்களுக்கு இலை விழும். வெளிநாட்டுக்காரர்கள் இதை ஏதோ பழைய வழக்கம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குத்தான் குத்தியது. ஒருநாள் அதே போதகர், தலைநகரிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். உள்ளே மீன்வலைக்காரர்களின் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள்.

“ஒக்காருங்க ஐயா. புள்ளைங்க எந்திரிக்கட்டும்,” என்றாள் அகனேசி.

“கூட வந்திருக்கறவரு யாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியாது ஐயா. உங்களத் தெரியும். நீங்க மொதப் பந்தி சாப்பிட்ட வீட்டுலதான் நான் வளந்தேன்.”

உள்ளேயிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. தலைநகர்க்காரர் போதகரின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். போதகர் வாசல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பருவம் முழுவதும் கோயில்காரர்கள் கடைப்பக்கம் வரவில்லை. அடுத்த பருவத்தில் வந்தார்கள். அந்தச் சேப்பிலைக்கறி வேறு எங்கும் கிடைக்கவில்லை. லவினியா மட்டும் வரவில்லை. கடையைத் தாண்டிப் போகும்போது குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நடப்பாள்.

பின்னர் ஒரு பிப்ரவரியில் புயல் வந்தது. காலையிலேயே தென்னைகள் முறிய ஆரம்பித்தன. மேட்டிலிருந்த ஒரே கான்கிரீட் கூரை அகனேசியுடையது என்பதால் ஊர் அங்கே வந்து குவிந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குக் கிழங்கு பரிமாறினாள்.

“அத்தை எங்க?”

யாருக்கும் தெரியவில்லை. லவினியாவின் மகன்கள் ஆக்லாந்தில் வேலைக்குப் போய் வெகுகாலமாகியிருந்தது. வீட்டில் அவள் தனி. வெளியே ஆள் நடக்க முடியாத காற்று; ஆனால் அது துறைமுகத்திலிருந்து லவினியா வீட்டுப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அகனேசி பாவாடை விளிம்பில் இன்னும் தைத்திருந்த கற்களைப் பிரித்துக் கொட்டினாள்.

“உனக்குப் பைத்தியமா?” என்றான் செமிசி. “காத்து உன்னக் கொண்டுபோய் ஃபிஜியில போட்டுரும். அதுவும் அந்தப் பொம்பளைக்காக.”

“கயித்தத் தூணுல கட்டு. நீ வந்தா மரம் விழுந்து சாவ. என்மேல விழ என்ன இருக்கு?”

அவள் பட்டம் போலப் போனாள். செமிசி கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான். கூரை போன வீட்டின் நடுவே, தரையில் சப்பணமிட்டு, ஒரு கையால் தூணை அணைத்தபடி லவினியா உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து மருமகள் இறங்கிவருவதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“எதுக்குடி வந்த?”

“உங்களக் கூட்டிட்டுப் போக.”

“நல்லாருக்கு. பட்டம் வந்து பசுவ இழுத்துட்டுப் போகுதாக்கும்.”

அந்த நேரத்தில், பறந்துவந்த தகரம் ஒன்று கயிற்றை வெட்டிவிட்டது. அகனேசி காற்றோடு கிளம்பிவிட்டாள். லவினியா தன் மற்றொரு கையை நீட்டினாள், கணுக்கால் அகப்பட்டது. பிடித்துக்கொண்டாள். அத்தை தூணைப் பிடித்திருக்க, மருமகள் கொடி போலக் காற்றில் படபடக்க, மதியம் முழுக்க அப்படியே கழிந்தது. காற்று சற்று மூச்சு வாங்கிய இடைவெளியில், பல வருடம் சேர்த்துவைத்திருந்த கேள்வியை அகனேசி கேட்டாள்.

“அத்தை, எம்மேல அப்படி என்ன வெறுப்பு உங்களுக்கு?”

“வெறுப்பா? யாரு சொன்னா?”

“எனக்குச் சாப்பாடே போடலியே.”

லவினியா யோசித்தாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உருண்டு போனது.

“நெனப்பே இல்லடி,” என்றாள். “ஐயாவுக்கு வெக்கணும், பெரியவங்களுக்கு வெக்கணும், பசங்களுக்கு வெக்கணும். உன் மொறை வர்றதுக்குள்ள தீந்துரும். தீந்துருச்சேன்னு ஒரு நாளும் நான் திரும்பிப் பாக்கல. உன்ன வெறுக்கவும் இல்ல. நீ இருக்கேன்னே தோணல.”

கோயில் உத்தரத்தில் தலை இடித்தபோதோ, காலையில் காற்றில் குதித்தபோதோகூட இவ்வளவு எடையற்று உணர்ந்ததில்லை என்று அகனேசி பின்னால் செமிசியிடம் சொன்னாள். வெறுப்பு என்றுதான் நம்பியிருந்தாள். அதை எதிர்த்துத்தான் வண்டி தள்ளினாள், அடுப்பு மூட்டினாள், கடை கட்டினாள். அங்கே அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றதும், அவளுக்கு அந்தக் கையில் இருக்கப் பிடிக்கவில்லை. இன்னொரு காலால் அத்தையின் தோளிலும் முகத்திலும் உதைத்தாள்.

“விடுங்க. காத்தோட போறேன். விடுங்க என்னை.”

“ஒதை. எவ்வளவு வேணும்னாலும் ஒதை. விட மாட்டேன்.”

“இப்ப மட்டும் என்ன?”

“இப்பத்தான் பாத்துட்டேன்ல,” என்றாள் லவினியா. உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

பொழுது சாயும் வேளையில் காற்று இறங்கியது. செமிசியும் மற்றவர்களும் வந்து பார்த்தபோது கணுக்கால் இன்னும் அத்தையின் பிடியில்தான் இருந்தது. லவினியாவின் விரல்கள் மரத்து இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றாகத் தேங்காயெண்ணெய் தடவித்தான் பிரிக்க முடிந்தது. மன்னிப்பை யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கடை மறுபடி திறந்த அன்று லவினியா வந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பெரியவர்கள் சாப்பிட்டார்கள், சமைத்தவர்கள் சாப்பிட்டார்கள். அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் அகனேசி ஒரு தட்டை நிறைத்துக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று தன் தட்டைக் காலி செய்தாள். மறுநாளிலிருந்து லவினியா அடுப்படியில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள். அகனேசி சமைக்கும்போது அவள் பாவாடைக் கொசுவத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் கீரை ஆய்வாள். இரும்புக் கம்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று. உப்பு அதிகம், உப்பு கம்மி என்று இருவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

போன வருடம், தலைநகர் நுகுஅலோஃபாவில் இரண்டாவது கடை திறப்பதற்காக அவர்கள் இருவரும் விமானம் ஏறினார்கள். எங்கள் தீவுக்கு வருவது சின்ன விமானம். மூட்டையோடு ஆளையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். லவினியா தராசில் ஏறினாள். தராசருகே நின்ற பெண் ஊழியர் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அத்தை இறங்கியதும், அவள் கையைப் பிடித்தபடியே அகனேசி ஏறினாள். முள் அசையவில்லை. பின்னால் நின்ற வெளிநாட்டுக்காரர் ஒருவர் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். ஊழியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அத்தைக்கு எடை கூட இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. ரெண்டையும் சேத்துப் போட்டுக்கறேன்,” என்றாள். “ஆனா பிரிஞ்சு ஒக்காரக் கூடாது. பிளேன் ஒரு பக்கமாச் சாயும்.”

“எங்க பிரியறது,” என்றாள் லவினியா.

சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஊழியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.