இருபத்தேழாம் எண் வீட்டின் கேக் பெட்டி

ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ள அதன் கூடத்தில் போய் உட்கார வேண்டியதில்லை, குப்பைத் தொட்டியை நாலு வாரம் பார்த்தால் போதும் என்பது சீட்டுக்காரியின் கட்சி. பதினோரு வருஷமாக அதே தெருக்களில் குப்பை வண்டி ஓட்டுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் உடம்பை இளைக்கவைக்க ஆரம்பித்து மூன்றாம் நாளே கைவிட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் தொட்டியில் பார்த்தது வாயில் வராது. அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

பச்சைத் தொட்டியில் சமையல் கழிவு, நீலத்தில் காகிதமும் அட்டையும், கறுப்பில் மற்றதெல்லாம். நீலத்தில் தப்பாக எதுவும் கிடந்தால் மூடியில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு, அள்ளாமலே போய்விடுவாள். சீட்டுக்காரி என்ற பெயர் வந்தது அப்படித்தான். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எண்ணெய் ஊறிய ஒரே ஒரு அட்டை போதும், கூடக் கிடக்கிற காகிதமெல்லாம் பாழ். மறுசுழற்சிக் கிடங்கில் முழு லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதுதான்.

அதிகம் சீட்டு வாங்கியது இருபத்தேழாம் எண் வீடு. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வாசல், அளவெடுத்து மடித்த செய்தித்தாள் கட்டு. அந்தக் கட்டுக்கு நடுவே, அடிக்கடி, வெண்ணெய் ஊறிய ஒரு கேக் பெட்டி ஒளிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சீட்டுக்காரியின் மகள் ஒரு நாள் வந்து, "அம்மா, நான் ஒருத்தரக் கட்டிக்கலாம்னு இருக்கேன். பஸ் டிரைவர். தங்கமான மனுஷன்" என்றாள்.

"வீடு எங்க?"

"உன் ரூட்லதான். இருபத்தேழு."

சீட்டுக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த வீடா?"

"ஏன், அந்த வீட்டுக்கு என்ன?"

என்னவென்று சொல்ல அவள் சட்டமே அவளை விடவில்லை.

"அவங்க அம்மா உன் மேலதான் கோவமா இருக்காங்க. ஞாயித்துக்கிழமை பேச வரச் சொல்றாங்க. உன் சீட்டால என் கல்யாணம் நின்னுடக் கூடாதும்மா" என்றாள் மகள்.

மாப்பிள்ளையின் அம்மா கணக்கு டீச்சர். அப்பா ஓய்வு பெற்ற தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இவருக்கு டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டார். மூணு வருஷமா ஒரு துண்டு கேக்குகூட இவர் தொட்டதில்ல."

சீட்டுக்காரிக்குப் புரையேறியது. தபால்காரர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி ஓடவில்லை.

டீச்சர் ஒரு ஃபைலைத் திறந்தார். உள்ளே சிவப்புச் சீட்டுகள், தேதி வாரியாக.

"பத்தொன்பது. தெருவே பார்த்துச்சு. தொட்டிய வெளிய வைக்கிறதும் உள்ள இழுக்கிறதும் இவர் வேலை. ஒவ்வொரு தடவையும் இவர் பார்த்துட்டு, உள்ள ஒண்ணுமே இல்லன்னார். என்ன தப்புன்னு சொல்லுங்க. இல்ல, ஒட்டினதுதான் தப்புன்னு ஒத்துக்குங்க. அப்புறம் கல்யாணத்தப் பேசலாம்."

இருதலைக்கொள்ளி எறும்பாகிவிட்டாள் சீட்டுக்காரி. சொன்னால் ஒரு கிழவரின் மானம் போகும். தப்பென்று ஒத்துக்கொண்டால் பதினோரு வருஷ வேலையைப் பொய்யாக்க வேண்டும். எதிரில் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்தொன்பதும் சரியாத்தான் ஒட்டினேன் டீச்சர். ஆனா தொட்டியில இருந்தத நான் வெளிய சொல்றதில்ல. யார்கிட்டயும்."

"அப்போ பேச ஒண்ணுமில்ல." டீச்சர் ஃபைலை மூடினார். மகளின் கண் நிறைந்துவிட்டது. அவளைப் பார்த்த தபால்காரர் மெல்ல எழுந்து நின்றார்.

"கேக்கு" என்றார்.

"என்னது?"

"வெண்ணெய்க் கேக்கு. பெட்டிய பேப்பருக்குள்ள வச்சது நான்தான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்தொன்பது கேக்கா?"

"சீட்டு விழுந்தது பத்தொன்பது" என்றார் தபால்காரர். உண்மை சொல்லிப் பழகாத வாய். எதை எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை.

பஸ் டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சீட்டுக்காரி பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"பெட்டி தெரியும். யாருன்னு இந்த டீயக் குடிச்சப்பதான் தெரிஞ்சுது."

"பொண்ணு கல்யாணமே போகப் பார்த்துச்சு. அப்பவும் வாயத் திறக்கலையே நீங்க" என்ற டீச்சர் ஃபைலைக் கணவர் மடியில் போட்டார். "சம்பந்தி, அந்த டீயக் கீழ வைங்க. சர்க்கரை போட்டுத் தரேன். இவர் எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பார்."

உண்மையாகவே வைத்திருந்தார், பழைய தபால் பைக்குள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இருபத்தேழின் நீலத் தொட்டியைத் திறந்தாள் சீட்டுக்காரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேக் பெட்டியின் மூடி மட்டும், சுத்தமாக வெட்டி வைத்திருந்தது. அதில் டீச்சரின் கையெழுத்து: 'மாதம் ஒன்று, டாக்டர் அனுமதி. எண்ணெய் ஊறிய அடிப்பாகம் கறுப்பில்.' சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என்ன குடும்பம், என்ன ஒழுங்கு.

இருந்தாலும் பழக்கம் விடுமா. கை தானாகச் செய்தித்தாள் கட்டுக்குள் போனது. நடுவில் இன்னொரு பெட்டி. வெண்ணெய் இன்னும் காயவில்லை.

நிமிர்ந்தாள். ஜன்னலில் தபால்காரர் இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றுகொண்டிருந்தார்.

சீட்டுக்காரியும் சிரித்த முகமாகக் கை கூப்பினாள், சம்பந்தி அல்லவா. பிறகு பையிலிருந்து இருபதாவது சீட்டை எடுத்து, மூடியின் நட்டநடுவில் அழுத்தி ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.